ஆகாது என்று சொல்ல ஆளில்லை

பசுமை வேதியியல் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லா வேலைக்கும் ஆள் உண்டு. கதவைத் திறக்க ஒருவர், திறந்த கதவால் குளிர்காற்று வீணாகிறதே என்று கண்டிக்க ஒருவர், கண்டித்ததைப் படமெடுத்துச் செய்தி மலரில் போட ஒருவர். "ஆகாது" என்று சொல்ல மட்டும் அங்கே ஆள் கிடையாது. அப்படி ஒரு பதவியை அவர்கள் ஏற்படுத்தவே இல்லை. இந்த விவரம் ஜூஸ்கடைக்காரருக்குத் தெரியவந்தது அவருடைய அக்காவின் மார்பில் வந்த கட்டியால்.

நிலையத்தின் மதில்சுவர் முடிகிற மூலையில் அவர் கடை. ஆரஞ்சு பிழிந்து பிழிந்து வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். சாறு கண்ணாடி டம்ளருக்குப் போகும். தோல் பின்பக்கத் தொட்டியில் மலையாகக் குவியும். மதியத்துக்குமேல் ஈ மொய்க்கும். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வியாபாரம் செய்வார்.

ஒருநாள் நிலையத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி சாக்குப் பையோடு வந்து நின்றார்.

"அண்ணே, இந்தத் தோலைக் கொட்டுறதா இருந்தா எனக்குக் குடுங்களேன்."

"எதுக்கும்மா? மாடு வளக்கிறீங்களா?"

"இல்லண்ணே, ஆராய்ச்சி. இதுல இருக்கிற ஒரு சரக்கைப் பிரிச்செடுத்து, அதைக் கொஞ்சம் மாத்தி வேற பொருளாச் செய்யணும்."

அந்த மாணவி செய்தது உண்மையிலேயே நல்ல வேலை. அதுவரை அந்த மாதிரி வேலைக்கு மண்டையைப் பிளக்கும் நெடியுள்ள கரைப்பான்களைத்தான் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றியதைச் சாக்கடையில் விட்டார்கள். இவர் வெந்நீரையும் வெயிலையும் வைத்தே அதை முடிக்கப் பார்த்தார். செய்து எடுத்த பொருளை, தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களின் மேல் ஊற்றிப் பார்த்தார். பாதிச் செல்கள் செத்தன. மேலே இன்னும் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, மறுபடி சாக்கோடு தோல் அள்ள வந்தார். கடைத்தெருவில் அவருக்கு "தோல் மேடம்" என்று பெயர் நிலைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

செல் செத்த சேதி மேல்மாடிக்குப் போனதும் நிலையம் விழித்துக்கொண்டது.

முதலில் சாக்குக்குத் தடை வந்தது. அது பசுமைச் சான்று பெற்ற சாக்கு இல்லையாம். அதற்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் பீப்பாய்கள் வந்தன. பீப்பாய்க்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் இன்னொரு பை. அடுத்து, தோலை நடந்து எடுத்துப்போவது நிறுத்தப்பட்டது. கடைக்கும் நிலையத்தின் பின்கதவுக்கும் நடுவே புளிச்சென்று துப்பினால் போய் விழும் தூரம்தான். ஆனால் பின்கதவைப் பூட்டி அதன்மேல் "பசுமை வளாகம், நடமாட்டம் தவிர்க்கவும்" என்று பலகை மாட்டிவிட்டார்கள். அதனால் குளிர்சாதன வண்டி ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, அணைக்காத எஞ்சினோடு கடை வாசலில் நின்று, தோலை ஏற்றிக்கொண்டு மறுபடி ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. செருப்புக்கடைக்காரர் இப்போது புகைக்காக மூக்கைப் பிடித்தார்.

கடைசியாக, "மூலப்பொருள் பங்காளர்" என்று எழுதிய ஒரு பலகையைக் கொண்டுவந்து கடையில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு தோலைக் குப்பையில் போடக்கூடாது. அது குப்பை இல்லை, அறிவுச் சொத்து.

"அப்போ ஈ மொய்க்குதே?" என்று ஜூஸ்கடைக்காரர் கேட்டார்.

"ஈயை நாங்க இன்னும் ஆய்வுக்கு எடுத்துக்கல" என்றார் பலகை மாட்ட வந்தவர்.

ஜூஸ்கடைக்காரர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறு. அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு மார்பில் கட்டி என்று அப்போதுதான் தெரிந்திருந்தது.

அக்கா லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்தவர். காலமெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரிக்காரர்களின் பொய்யையும் சேர்த்து எடை போட்டவர். கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். பேச்சு, வெங்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும். தம்பி மனைவி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் அக்கா சாப்பிடவில்லை என்றால் அவரும் சாப்பிடாத நாள் உண்டு.

மருத்துவர் நம்பிக்கையோடுதான் சொன்னார். முதலில் சில முறை கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்கலாம், அப்புறம் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார். கீமோ அக்காவைப் புரட்டிப் போட்டது. முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் ஒட்டியது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆனால் கட்டி சுருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவரே தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சமயம் பார்த்து நிலையத்தின் இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். மறுநாள் காலை முதல் பக்கத்தில் இயக்குநர் ஒரு ஆரஞ்சுத் தோலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி தோலில் இருக்கிறது" என்று தலைப்பு. பின்னால் மங்கலாக ஜூஸ்கடையின் பச்சைப் பீப்பாய்.

அக்கா பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டேய் தம்பி, இது நம்ம கடைத் தோலுதானே?"

"ஆமாக்கா, ஆனா..."

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். இனிமே அந்த ஊசி எனக்கு வேண்டாம். சாயங்காலம் வரும்போது ஒரு பை தோலு கொண்டா. காய வச்சு இடிச்சுக்கிறேன்."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே தோல் மேடத்தைப் பிடித்துக் கேட்டார். மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பீப்பாய் மறைவுக்கு அவரை இழுத்துப் போனார். பொதுமக்களிடம் பேசக்கூடாது என்று அவருக்கு உத்தரவு வந்திருந்தது.

"ஆகாதுண்ணே. சத்தியமா ஆகாது. தட்டுல செல்லு செத்தா மனுஷனுக்கு மருந்துன்னு அர்த்தமில்ல. உப்புத்தண்ணியைக் கெட்டியா ஊத்தினாலும்தான் தட்டுல செல்லு சாகும். அதோட, நான் ஊத்தினது தோலை மாத்திச் செஞ்ச பொருளு. அது தோல்ல கிடையவே கிடையாது. தோலைத் தின்னா வயித்துல தோலுதான் இருக்கும். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யாரு, அந்த மூட்டை தூக்க வருமே, அந்தப் பொண்ணா? அவ சொன்னா ஆச்சா? பத்திரிகையில யாரு படம் வந்துச்சு? அந்தப் பெரியவர் வாயால 'ஆகாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறேன். போய்க் கேட்டுட்டு வா."

ஒரு வார்த்தைதானே என்று ஜூஸ்கடைக்காரர் கிளம்பினார்.

வரவேற்பில் இருந்தவர் அவரைச் சிரித்த முகத்தோடு உட்காரவைத்தார்.

"உங்க கேள்வி என்னங்க?"

"தோலைத் தின்னா புத்துநோய் ஆகாதுன்னு, அதாவது சரியாகாதுன்னு, பெரியவரு ஒரு வார்த்தை சொல்லணுங்க."

வரவேற்பாளர் கணினியில் தேடினார். "சரியாகுமான்னு கேக்கிறவங்களுக்கு ரெண்டாவது மாடியில தனிப் பிரிவே இருக்கு. சரியாகாதுன்னு சொல்லச் சொல்றதுக்குப் பிரிவு இல்லீங்களே."

"இல்லன்னா யாராவது சும்மா சொன்னாக்கூடப் போதும்."

"சும்மா சொல்ற வேலையைச் செய்தித் தொடர்பு அலுவலர்தான் பாக்கிறாரு" என்று மூன்றாவது மாடிக்கு அனுப்பிவைத்தார்.

செய்தித் தொடர்பு அலுவலர் பச்சைச் சட்டை போட்டிருந்தார். ஜூஸ்கடைக்காரரைப் பார்த்ததும் எழுந்துவந்து தோளில் கை போட்டார்.

"வாங்க பங்காளரே! அக்காவுக்கு உடம்பு சரியில்லையாமே? சொல்லுங்க, தோல் சாப்பிட்டா குணமாகும்னு நாங்க எங்கயாவது சொன்னோமா?"

"நேரடியாச் சொல்லலீங்க."

"குணமாகாதுன்னு சொன்னோமா?"

"அதுவும் இல்லீங்க."

"அப்புறம் நம்ம பேர்ல என்ன தப்பு? 'வாய்ப்பு இருக்கிறது'ன்னு சொன்னோம். வாய்ப்பு எதுக்குத்தான் இல்ல? நாளைக்கு நீங்களே இந்த நிலையத்துக்கு இயக்குநராக வாய்ப்பு இருக்கு. அதுக்காக நீங்க கடையை மூடிட்டா வந்துட்டீங்க?"

"நான் மூடல. எங்க அக்கா ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க."

அலுவலர் ஒரு நொடி யோசித்தார். பிறகு அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. "மருந்தையே விட்டுட்டாங்களா? நம்ம ஆய்வு மேல அவ்வளவு நம்பிக்கையா? இதை ஒரு செய்தியா எழுதலாமா?"

ஜூஸ்கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். வராண்டாவில் அவரை மடக்கிய துணை இயக்குநர், பங்காளர் வந்துவிட்டு ஆய்வகத்தைப் பார்க்காமல் போகலாமா என்று இழுத்துப் போனார். ஆய்வகச் சுவர் பச்சை, மேசை பச்சை, மேலங்கி பச்சை. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள் போட்டிருந்தார்கள். அதனால் நுண்ணோக்கியில் அசையாமல் கண்வைத்திருந்தவர்கள் மூச்சுக்கு ஒருமுறை ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க, தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கரையில் நிற்பவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"இந்தக் கட்டிடத்துல ஒரு சொட்டு நச்சுக்கூடக் கிடையாது" என்றார் துணை இயக்குநர்.

சன்னல் வழியே பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. அங்கிருந்து வந்த நெடியில் ஜூஸ்கடைக்காரருக்குக் கண் எரிந்தது. இரும்புப் பீப்பாய்களைச் சாய்த்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அது?"

"அது இணைப்புக் கட்டிடம். நச்சு வேலையெல்லாம் அங்கதான். அந்தப் பொண்ணு சொல்ற வெந்நீர் முறை ரொம்ப மெதுவு. கட்டுரைக்குக் கெடு இருக்கே? அதனால அவசரத்துக்கு மட்டும் அங்க பழைய முறை. கணக்குல ரெண்டும் வேற வேற கட்டிடம். அப்படிப் பிரிச்ச பிறகுதான் எங்களுக்குத் தூய்மை விருது கிடைச்சது."

"சார், எங்க அக்கா விஷயம்..."

"அது நெறிமுறைக் குழு."

நெறிமுறைக் குழு ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தலைவர் மிகவும் மென்மையானவர். ஜூஸ்கடைக்காரர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. ஆனா நாங்க மருத்துவர்கள் இல்ல. ஒரு நோயாளியோட சொந்தக்காரர்கிட்ட 'ஆகாது'ன்னு சொன்னா அது மருத்துவ ஆலோசனை ஆயிடும். அது நெறிமுறைக்கு விரோதம்."

"அப்போ பத்திரிகையில சொன்னது?"

"அது பத்திரிகைக்குச் சொன்னது. நோயாளிக்குச் சொல்லலையே."

"நோயாளியும் பத்திரிகை படிப்பாங்களே, ஐயா?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இந்தக் கோணம் இதுவரை வரவில்லை என்றும், அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாகவும் தலைவர் சொன்னார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டதற்கு, தலைவர் வெளிநாட்டில் நோயாளிகளின் உரிமை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பியதும் என்றார்கள்.

இப்படியே வாரங்கள் ஓடின. இயக்குநரை மட்டும் பார்க்க முடியவில்லை. அவர் தோலோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டில் அக்கா, தம்பி கொண்டுவராததால் தானே கடைக்குப் போய் அள்ளி வந்த தோலை இடித்து, தினமும் காலையும் மாலையும் அந்தப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தார். கசப்பில் முகம் கோணும். ஆனால் வாந்தி நின்றுவிட்டது. சோறு இறங்கியது. தலையில் புசுபுசுவென்று முடி முளைக்கத் தொடங்கியது. கீமோவை விட்டால் யாருக்கும் முளைக்கும். அக்கா கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பாத்தியாடா? உன் ஆஸ்பத்திரி புடுங்கினதை நம்ம தோலு நட்டு வச்சிருக்கு."

தம்பி மனைவிதான் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னார். "அண்ணிக்குக் குளிக்க முதுகு தேச்சு விட்டேங்க. கட்டி தோலுக்கு வெளியில வந்துடுச்சு. அக்குள்லயும் தட்டுப்படுது. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு."

அந்த வாரமே செய்தித் தொடர்பு அலுவலர் புகைப்படக்காரரோடு வீட்டுக்கு வந்து நின்றார். முடி முளைத்த சேதி எப்படியோ அவருக்கு எட்டியிருந்தது. ஜூஸ்கடைக்காரர் வாசலை மறித்தார். அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"விடுடா. ஆண்டு விழாவாம். அந்தப் பெரியவர் வர்றாராம். உனக்குத்தான் அவரைப் பாக்க முடியல. நான் நேர்லயே கேட்டுக்கிறேன்."

விழா மண்டபத்தில் மேடை முழுக்கத் தொட்டிச் செடிகள். எல்லாம் பிளாஸ்டிக், தண்ணீரைச் சேமிப்பதற்காக. அக்கா, தம்பி, தம்பி மனைவி மூவருக்கும் முன்வரிசையில் "பயனாளி குடும்பம்" என்று எழுதிய நாற்காலிகள். தோல் மேடம் பக்கவாட்டுச் சுவரோரம் நின்றார். அவருக்கு நாற்காலி இல்லை. அவருடைய ஆய்வை விளக்கும் பெரிய படத்தைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. படத்தில் இயக்குநர் மட்டும் இருந்தார்.

இயக்குநர் பேச எழுந்தார். மண்டபம் எழுந்து கை தட்டியது.

"பெருமக்களே! இந்த நிலையம் எந்தக் கழிவையும் வீணாக்கியதில்லை. மக்கள் எறிந்த தோலை எடுத்தோம். தோலிலிருந்து கட்டுரை எடுத்தோம். கட்டுரையிலிருந்து நிதி எடுத்தோம். நிதியிலிருந்து கட்டிடம் எடுத்தோம். கட்டிடத்தைத் திறக்க விழா எடுத்தோம். விழாவில் மீதமாகும் ஆரஞ்சுச் சாற்றின் தோல் மறுபடி ஆய்வுக்குப் போகும். இதுவே சுழற்சி! வெளியிலிருந்து எதுவும் தேவையில்லாத, வெளியே எதுவும் போய்விடாத, முழுமையான சுழற்சி! சிலர் கேட்கிறார்கள், மருந்து எங்கே என்று. மருந்து வந்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் நண்பர்களே! அறிவியல் நிற்கலாமா?"

"கூடாது!" என்றது மண்டபம்.

சிறப்பு விருந்தினர் தோல் பொடிப் பொட்டலத்தை வெளியிட்டார். நிலையத்தின் முத்திரை போட்ட பச்சைப் பொட்டலம். மண்டப வாசலிலேயே விற்பனைக்கு இருக்கிறது என்று அறிவித்தார்கள். பிறகு பயனாளி சில வார்த்தைகள் பேசுவார் என்றார்கள். அக்காவைத் தம்பி மனைவி கைத்தாங்கலாக மேடையேற்றினார். எடைமேடைக் கூண்டிலிருந்து சாலைக்கு அந்தப்பக்கம் நிற்கும் லாரியைக் கூப்பிட்ட குரல் அது. மைக் தேவையே இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கணும். நான் ஆஸ்பத்திரியை விட்டுட்டு உங்க தோலைத் தின்னுட்டு இருக்கேன். கட்டி கரையுமா, கரையாதா? நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, வேண்டாமா?"

இயக்குநர் புன்னகைத்தார். "அம்மா கேட்டது மிக ஆழமான கேள்வி. பெருமக்களே, கரைதல் என்றால் என்ன? வேதியியலே கரைதல்தான்..."

"ஐயா, எனக்கு வேதியியல் வேண்டாம். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"ஆம், இல்லை என்பதெல்லாம் பழைய சிந்தனை அம்மா. நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விசாலமான இடத்தைக் கட்டியிருக்கிறோம். அதற்குப் பெயர்தான் வாய்ப்பு. நம்பிக்கையோடு இருங்கள்."

மண்டபம் கை தட்டியது. அந்தத் தட்டலுக்கு நடுவே டமார் என்று ஒரு சத்தம். தோல் மேடம் பிடித்திருந்த படத்தை விட்டுவிட்டார். அது இயக்குநரின் முகம் தரையில் படக் குப்புற விழுந்தது.

"போகணும்கா!" என்று அவர் கத்தினார். "இப்பவே போங்க! அந்த ஆய்வைச் செஞ்சவ நான். அது மருந்து இல்ல. ஒரு எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல. இவங்க எல்லாருக்கும் தெரியும்கா, மேடையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும்..."

இரண்டு பேர் ஓடிவந்து அவரைப் பக்கவாட்டுக் கதவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் கையிலிருந்த மைக்கையும் யாரோ பிடுங்கினார்கள். உடனே வாழ்த்துப் பாட்டு போட்டார்கள்.

வண்டியில் ஏறியதும் அக்கா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஓவர்லோடு ஏத்திட்டு வர்ற லாரிக்காரன் எல்லாத்தையும் பேசுவான்டா. மழையைப் பேசுவான், டயரைப் பேசுவான், குடும்பத்தைப் பேசுவான். எடையை மட்டும் பேச மாட்டான். இத்தனை வருஷம் பாத்தவ நான். கட்டடத்தைப் பாத்து ஏமாந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு."

மருத்துவர் தொட்டுப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. படமெடுத்துப் பார்த்ததில் ஈரலுக்குப் போயிருந்தது. இனி அறுவை செய்து பயனில்லை, மருந்து ஏற்றிக் கொஞ்சகாலம் தள்ளிப்போடலாம் என்றார். "ஏன்மா நடுவுல விட்டீங்க? நல்லாச் சுருங்கிட்டு வந்துச்சே!" என்று அவர் கேட்டபோது குரலில் கோபம்கூட இருந்தது. அக்கா சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் தோல் மேடத்தை விசாரித்தார்கள். "ஆகாது" என்று சொல்ல யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்பது முதல் குற்றச்சாட்டு.

"நோயாளியின் உடலில் அது வேலை செய்யாது என்று நீங்கள் சோதித்தீர்களா?"

"இல்ல."

"சோதிக்காத ஒன்றை எப்படி மறுக்கலாம்?"

"சோதிக்காததை நீங்க எப்படி அறிவிச்சீங்க?"

"நாங்கள் சொன்னது அறிவிப்பு. நீங்கள் சொன்னது கருத்து" என்று தீர்ப்பு எழுதினார்கள். அவருடைய ஆய்வு நிறுத்தப்பட்டது. வெந்நீர் முறை கைவிடப்பட்டு, வேலை முழுவதும் இணைப்புக் கட்டிடத்துக்கு மாறியது. நிலையம் அந்த வருடமும் தூய்மை விருது வாங்கியது.

ஜூஸ்கடைக்காரர் அதுவரை யாரிடமும் உரக்கப் பேசியறியாதவர். வண்டி வராமல் நாலு நாளாக நாறிக்கொண்டிருந்த பச்சைப் பீப்பாய்களை ஒருநாள் காலை உருட்டிக்கொண்டு போய், நிலையத்தின் பளிங்குப் படிகளில் கவிழ்த்தார். அழுகின தோல் சாறோடு படிப்படியாக வழிந்தது. "எங்க அக்காவைத் தின்னுட்டீங்களேடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். காவலுக்கு ஆள் வரும், அடிப்பார்கள், உள்ளே போடுவார்கள் என்று தயாராகவே நின்றார். வந்தது செய்தித் தொடர்பு அலுவலர். படியை நாலு கோணத்தில் படமெடுத்தார். மறுநாள் செய்தி மலரில் வந்தது: "கழிவுகளைத் தாமே சுமந்துவந்து வழங்கிய பங்காளர். பெருகும் மக்கள் பங்கேற்பு!"

அவரை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதார்.

மருந்தேற்றும் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஒவ்வொருவர் கையிலும் குழாய். இரண்டாவது தடவை போனபோது, பக்கத்து நாற்காலிக்காரி பையிலிருந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கலக்கினாள். இந்த ஊசியோடு சரி, அடுத்த தடவை வரமாட்டேன், பொடி எடுக்கிறேனே என்றாள். சின்ன வயது. கைக்குழந்தையை அவள் அம்மா வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கீழ ஊத்துடி" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அக்காவுக்கு அதுவே வேலையாகிவிட்டது. மருந்து ஏறும் நேரமெல்லாம் பேசுவார். வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசுவார். தன் முறை இல்லாத நாளிலும் தம்பியை அழைத்துவரச் சொல்லி, கூடத்து வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பையையெல்லாம் விசாரிப்பார். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார்கள். மருத்துவமனை மூலையில் இருந்த மருந்துக்கடை பொடி விற்பதை நிறுத்தியது. அதுதான் நிலையத்தின் காதுக்கு எட்டியது.

செய்தித் தொடர்பு அலுவலர் பழக்கூடையோடு வந்தார். அக்கா மெலிந்து நாற்காலியில் பாதியாகத்தான் இருந்தார். வலது கையில் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. ஜூஸ்கடைக்காரர் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, நீங்க இங்க வர்றவங்ககிட்ட நம்ம நிலையத்தைப் பத்தி எதிர்மறையாப் பேசுறதாத் தகவல் வந்திருக்கு."

"தகவல் சரிதான்."

"அறிவியல் சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க. ஆதாரம் இல்லாமப் பேசக்கூடாது. உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடது கையால் மருத்துவமனைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். ஜூஸ்கடைக்காரர் தடுக்கப் போய், என்ன தோன்றியதோ, தடுக்காமல் தானே குனிந்து கடைசிப் பொத்தானைக் கழற்றிவிட்டார். அக்கா கட்டுத்துணியையும் விலக்கினார்.

"இதோ இருக்கு. கிட்ட வந்து பாரு. உங்க பேச்சை நம்பித் தோலைத் தின்னு நான் வளத்தது. எட்டி நிக்காத, வா, நல்லாப் பாரு!"

கூடத்தில் இருந்த பெண்களில் ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன வயதுக்காரி குழாய்க் கையோடு எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவிலியர் ஓடிவந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அலுவலர் பழக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, சுண்ணாம்பையே பார்த்தபடி வாசல்வரை பக்கவாட்டில் நடந்து போனார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் இயக்குநரிடம் அவர் சொன்னது ஒரே வரி. "நேரில் போய் விசாரித்தேன் ஐயா. ஆதாரம் எதுவும் காணப்படவில்லை."